இடம் மாறிக்கொண்டிருந்த குவியல்

அந்த அக்காவைப் பற்றி யாராவது கேட்டால், நல்ல மனுசி என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவேன். பொய்யில்லை, நல்ல மனுசிதான். ஆனால் ஒருவரை நல்லவர் என்று சொல்வதற்கு அவரைக் கொஞ்சமாவது விளங்கியிருக்க வேண்டும். சண்டை முடிந்து திரும்பி வந்த பிறகு பதினொரு வருடம் பக்கத்து வளவில் இருந்தவர். போன வருடம் வவுனியாவில் இருக்கிற சின்ன மகளிடம் போய்விட்டார். இன்னும் எனக்கு அவரை விளங்கவில்லை. விளங்காததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இவளுக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிளிநொச்சியில் வாய்க்கால் கரையோரம் எங்கள் குடியிருப்பு. எங்கள் வளவுக்கும் அவருடைய வளவுக்கும் நடுவில் முட்கம்பி வேலி. காலை ஆறரைக்கு அந்த வேலிக்கு மேலால் ஒரு பெயின்ற் வாளி நீளும்.

"புள்ள, குப்பையக் குடு."

சுகமா, தேத்தண்ணி குடித்தாயா என்ற விசாரிப்பெல்லாம் கிடையாது. நான் முதல் நாள் சேர்த்து வைத்த மரக்கறித் தோல், பழைய சோறு, தேயிலைச் சக்கை, முற்றத்தில் கூட்டிய சருகு எல்லாவற்றையும் கொட்டுவேன். கொட்டியவுடன் போய்விட்டால் என்ன? போகமாட்டார். அங்கேயே குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கிளறிப் பார்ப்பார்.

"தேசிக்கா தோல் போட்டிருக்க. இதுல புழு எப்புடி உசுரோட இருக்கும்?"

"ஒரு தோல்தானேயக்கா."

"ஒரு தோலுன்னா ஒன் கண்ணுல விட்டா எரியாதா?"

எலுமிச்சை வகைத் தோல் ஆகவே ஆகாது. முட்டைக் கோதை நொறுக்கிப் போடவேண்டும். மீன்முள் போட்டால் உடும்பு வந்து கிண்டும். வாழைத்தண்டை வெட்டிப் போடவேண்டும், முழுசாய்ப் போட்டால் மழைக்காலம் முடியும்வரை அப்படியே கிடக்கும். சொந்த வீட்டுக் குப்பையைக் கொடுத்துவிட்டு ஏச்சும் வாங்குகிறவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். சில நாட்களில், இனி உங்களுக்குக் குப்பையும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொல்ல வாய் வரும். ஆனால் மாலையில் ஒரு கட்டுப் பயற்றங்காயும் நாலு கத்தரிக்காயும் வேலிக் கம்பியில் தொங்கும். அதைச் சமைத்துத் தின்றுவிட்டு எந்த வாயால் சொல்வது?

அவருக்குக் குப்பையிலிருந்து எல்லாம் தெரியும். அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு ஓடிவந்தபோது அவர் சின்னப்பிள்ளை. அந்த மூக்கு மட்டும் போகவில்லை. ஒருநாள் வாளிக்குள் குனிந்து மணந்துவிட்டு, "என்னா, தேயிலைய மாத்திட்டீங்க?" என்றார். மாற்றித்தான் இருந்தோம். வேறு கடை. என் மனுசனே அதைக் குடித்துக் கண்டுபிடிக்கவில்லை.

இன்னொரு நாள் ஒரு பானைச் சோறு அப்படியே வாளிக்குள் விழுந்தது. அவர் சோற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு பேருமே சாப்புடலியா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எங்கள் சண்டைக்குச் சாட்சி ஒரு பெயின்ற் வாளியா? ஆனால் அன்றைக்கு மத்தியானம் ரொட்டி சுட்டு வேலிக்கு மேலால் தந்ததும் அவர்தான். நான் அழுதுகொண்டே தின்றேன். அவர் சருகு வாரிக்கொண்டிருந்தார்.

கூட்டெருக் குவியல் போடுவதில் அவரை அடிக்க ஆளில்லை. கீழே காய்ந்த சருகு, மேலே பச்சை, அதற்கு மேல் சாணிக் கரைசல், ஒரு கை சாம்பல், மறுபடி சருகு. இடுப்பளவு வந்ததும் கிழிந்த சாக்கால் மூடி, மூன்று நான்கு நாள் கழித்து முழங்கை வரை கையை உள்ளே விடுவார். "சூடு வந்திரிச்சு" என்று முகம் மலரும். ஒருதரம் என் கையையும் பிடித்து உள்ளே விட்டார். அவித்த மரவள்ளிக்கிழங்குப் பானைக்குள் விட்டதுபோலச் சுட்டது. இந்த அழுகல் எல்லாம் தானாக எப்படி இவ்வளவு சுடுகிறது என்று கேட்டேன். "வேல செய்யுது புள்ள. வேல செய்யிற ஒடம்பு சுடும்" என்றார்.

எனக்கு விளங்காத விசயம் வேறு. அந்தக் குவியல் ஒரே இடத்தில் இருக்காது. ஐந்து ஆறு மாதம் ஓரிடம். எருவை அரித்து எடுத்ததும் அடுத்த குவியல் இரண்டு மூன்று காலடி தள்ளி. பிறகு இன்னும் தள்ளி. ஒரு நாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"ஏனக்கா, பூனை குட்டி காவின மாதிரி இதைக் காவிக்கொண்டு திரியிறியள்? ஒரு இடத்தில வைச்சா என்ன?"

அவர் எரு அரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"ரின் ஒண்ணு பொதைச்சேன் புள்ள. ஓடுறப்ப. பால்மா ரின். அதுக்குள்ள பெரியவளோட போட்டோ இருக்கு. ஸ்கூல்ல எடுத்தது. அது ஒண்ணுதான்."

"ஏன் கொண்டு போகேல்ல? படம் என்ன பாரமோ?"

"புள்ளதான் கையில இருக்காளே, போட்டோ எதுக்குன்னு நெனச்சேன்."

அந்தப் பெரிய மகள் திரும்பி வரவில்லை. இடப்பெயர்வில், போன வழியில், பன்னிரண்டு வயதில் செத்துப்போனாள். அது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும், படம் என்ன பாரமோ என்று கேட்டேனே.

பழைய வேலியிலிருந்து ஆறு காலடி தன் பக்கம், முருங்கை மரத்துக்குக் கீழே, முழங்கை ஆழத்தில் அந்தத் தகர ரின்னைப் புதைத்ததாகச் சொன்னார். திரும்பி வந்து பார்த்தபோது முருங்கையும் இல்லை, பழைய வேலியும் இல்லை. புல்டோசர் இழுத்த வெறும் தரை. மிதிவெடி எடுத்தவர்கள் துப்பரவாக்கித் தந்த காணிதான் என்றாலும், ஆழமாக வெட்ட இங்கே யாருக்கும் மனம் வராது. கொஞ்சம் தள்ளி ஒருவர் கிணறு தோண்டப்போய்க் கையை இழந்தது எல்லோருக்கும் நினைவிருந்தது. அதுதான் அக்காவின் யோசனை. குவியல் ஆறு மாதம் கிடந்தால் கீழே உள்ள மண் நனைந்து, புழு ஏறி, இளகிவிடும். இளகிய மண்ணைக் கையால் கிளறலாம். இடிக்க அலவாங்கு வேண்டாம், வெட்ட மண்வெட்டி வேண்டாம். ரின்னும் வெட்டுப்படாது, வேறொன்றும் வெடிக்காது. பார்த்து முடித்த இடத்தில் எருவைப் பரவிக் கத்தரியோ வெண்டியோ நட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அப்போதே ஒரு குழப்பம். படத்தைத் தேடுகிறவருக்கு எரு எப்படி இருந்தால் என்ன? தேசிக்காய்த் தோலுக்கு ஏன் அந்தச் சண்டை? எருவை இரண்டு தரம் அரிக்கிறார். உள்ளங்கையில் வைத்துப் பிடித்து, விரித்து, மணந்து பார்க்கிறார். படம் கிடைக்காத நாளில் முகம் வாடும் என்று பார்த்தால், எரு நன்றாக வந்திருந்தால் பாட்டு முணுமுணுப்பார்.

விவசாயப் போதனாசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து அவருடைய தோட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார். பிறகு சிறந்த வீட்டுத்தோட்டம் என்று ஒரு சான்றிதழும் கூட்டெரு போட ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் பீப்பாவும் வந்தன. போதனாசிரியர் புத்தி சொன்னார்.

"அம்மா, நிழலா ஒரு இடத்தில பீப்பாவை வைச்சு அதுக்குள்ளயே போடுங்கோ. இப்பிடி இடம் மாத்தத் தேவையில்லை."

"மண்ணுக்கும் எடம் மாறணும் சார்" என்றார் அக்கா, மிகவும் மரியாதையாக. போதனாசிரியர் அதையும் எழுதிக்கொண்டு போனார். பீப்பாவுக்குள் பிறகு கோழி அடைகிடந்தது.

கிளறிய மண்ணிலிருந்து என்னென்னவோ வந்தது. பாதிச் சீப்பு, கரண்டி, சைக்கிள் மணியின் மூடி, யாருடையதோ காப்புத் துண்டு. எல்லாவற்றையும் கழுவி வேலிக் கட்டைகளின் கீழே வரிசையாக வைப்பார். யாருக்காவது வேண்டியிருக்கும் என்பார். யாரும் வந்து கேட்டதில்லை.

அந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது ஒரு மாரிக்கு முன்னால். புதிதாக அரித்து முடித்த இடத்தில் மிளகாய்க் கன்று நட்டுக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். மண் கிளறிய அடையாளமே இல்லை.

"கீழ பாக்கேல்லையோ அக்கா?"

"என்னாத்த?"

அவர் கையில் ஒரு கன்று. அதைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு அப்படியே மண்ணில் குந்திவிட்டார்.

"மறந்துட்டேன் புள்ள" என்றார். "தேடுறதுக்குக் குப்ப போடுறேனா, குப்ப போடுறதுக்குத் தேடுறேனான்னு எனக்கே தெரியல்ல."

நட்ட கன்றுகளை எல்லாம் பிடுங்கி வைத்துவிட்டு, மத்தியானம் வரை கையால் கிளறினார். ஒன்றும் இல்லை. மறுபடி கன்றுகளை நட்டார். நான் சமைத்துக் கொடுத்தேன், சாப்பிடவில்லை. எனக்கு அவர் மேல் இரக்கமா, எரிச்சலா என்று தெரியவில்லை. தாய் மறப்பாளா என்று ஒரு பக்கம் கேட்டது. பத்து வருடம் தூக்கினால் யாருக்கும் தோள் மரத்துப்போகும்தானே என்று மறுபக்கம் கேட்டது.

இனி வேலியின் கதைக்கு வரவேண்டும். எங்கள் காணிக்கு அரசாங்கம் தந்த பெமிட் உண்டு. என் மனுசனின் தகப்பனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எடுத்த காணி. அந்த அக்காவிடம் இருந்தது கிராமசேவகர் கொடுத்த ஒரு கடிதம் மட்டும். மலைநாட்டில் இருந்து வந்தவர்கள் பலருக்கும் அப்படித்தான். இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் முதலில் வந்தோம். அவர் ஒரு வருடம் பிந்தி வந்தார். அதற்குள் என் மனுசன் வேலி போட்டுவிட்டார். வீதி மதகிலிருந்து நாற்பது காலடி என்று தகப்பனார் சொல்வாராம், அப்படி அளந்து போட்டது. பின்னாளில் அந்த வேலியை ஒட்டி நாலு காலடி விட்டு நான் சமைக்கிற குசினியும் எழும்பியது. அக்கா வந்த அன்று வேலியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு தன் பக்கத்தைக் கூட்டத் தொடங்கினார்.

பதினோராவது வருடத்தில் அவருடைய வளவு முழுக்கக் குவியல் போய்வந்துவிட்டது. கடைசிக் குவியல் எங்கள் கம்பியில் சாய்ந்துகொண்டு கிடந்தது. அதையும் பார்த்து முடித்தார். அடுத்த நாள் காலை வாளியோடு வந்தவர், குப்பை கேட்கவில்லை.

"புள்ள, ஒங்க பக்கம் ஒரு குவியல் போட்டுக்கவா? குசினிக்குப் பின்னால. ஆறு மாசந்தான்."

அந்த நேரம் பார்த்து, காணி அளந்து எல்லாருக்கும் பெமிட் கொடுக்கப் போகிறார்கள் என்ற கதை ஊரெல்லாம் அடிபட்டது. நான் மனுசனிடம் சொன்னேன். அவர் தின்றுகொண்டிருந்த சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அவா படம் தேடேல்ல. காணி தேடுறா. ரின் எங்கட பக்கம் வந்தா என்ன அர்த்தம் எண்டு உனக்கு விளங்குதோ? வேலி பிழை எண்டு அர்த்தம். குசினி போயிடும்."

அதற்கு மேல் அவர் சொன்ன வார்த்தையை எழுத எனக்குக் கூச்சம். மலைநாட்டில் இருந்து வந்தவர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் சொல்லும் வழக்கமான வார்த்தைதான். நான் தடுக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் குசினி நான் மூன்று வருடம் தறப்பாளுக்குக் கீழே புகைக்குள் கிடந்து கண்ணெரிந்து சமைத்த பிறகு கிடைத்தது. அதன் ஒவ்வொரு கல்லும் எனக்குத் தெரியும். அதை இடிக்கப் போகிறார்கள் என்றதும் எனக்கும் அந்த அக்கா வேறு ஆளாகத் தெரிந்தார். இத்தனை வருடம் குவியலைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் நகர்த்தியது இதற்குத்தானா?

"எங்கட பக்கம் சரிவராது அக்கா" என்றேன்.

"சரி புள்ள" என்று சொல்லி வாளியை நீட்டினார்.

"இனிக் குப்பையும் இல்லை. நாங்களே கூட்டெரு போடப் போறம்."

கோபிப்பார் என்று நினைத்தேன். அந்த மனுசிக்கு வந்தது சந்தோசம்.

"போடு, போடு. நல்லது. ஆனா குழியாப் போடாத. குழியில தண்ணி நிக்கும், நாறும். குவியலாப் போடு, காத்தோட்டம் வேணும்."

அவர் குவியல் என்றதால் நான் குழி வெட்டினேன். வேறு காரணமே இல்லை. அவர் கிழக்கு என்றால் நான் மேற்கே போயிருப்பேன், அப்படி ஒரு வீம்பு. ஞாயிற்றுக்கிழமை காலை, மனுசன் பரந்தன் சந்தைக்குப் போயிருந்தார். குசினிக்குப் பின்னால், வேலியிலிருந்து இரண்டு காலடி எங்கள் பக்கம், அலவாங்கால் இடித்து மண்வெட்டியால் அள்ளினேன். முழங்கை ஆழம் வந்தபோது அலவாங்கு 'டங்' என்றது. மிதிவெடி என்று நினைத்தேன். அலவாங்கைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடிவிட்டேன். வெகுநேரம் கழித்து மெல்ல வந்து எட்டிப் பார்த்தேன். வட்டமான மூடி. துருப்பிடித்த பால்மா ரின்.

திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம் என்று இப்போது எழுதலாம், ஆனால் திறந்தேன். கடைப் பைக்குள் கடைப் பை, அதற்குள் கொப்பி மட்டை, அதற்குள் படம். ஒரு மூலையால் ஈரம் ஏறி வெள்ளைச் சட்டையும் பின்னால் இருந்த சுவரும் ஒன்றாகக் கரைந்துவிட்டன. முகம் மட்டும் அப்படியே இருந்தது. இரட்டைப் பின்னல், ரிபன், சிரிக்கச் சொன்னதால் சிரிக்கிற சிரிப்பு. மூக்கு தாயுடையது.

பிறகு நான் செய்த வேலை என்ன தெரியுமா? காலடி எண்ணினேன். வேலியிலிருந்து குழிக்கு இரண்டு. ரின் புதைத்தது பழைய வேலியிலிருந்து ஆறு. ஆகவே பழைய வேலி எங்கள் பக்கம் எட்டுக் காலடி உள்ளே. குசினி நிற்பது அக்காவின் காணியில். எண்ணிக்கை பிழைத்திருக்கும் என்று மறுபடி எண்ணினேன். ஒரு பிள்ளையின் முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தரம் எண்ணினேன்.

மனுசன் மீனோடு வந்தார். ரின்னைக் கண்டதும் மீன் பை கையிலேயே நின்றது. வீதிப் பக்கம் பார்த்துவிட்டு, "மதகை வீதி போட்டவங்கள் தள்ளிக் கட்டிப்போட்டாங்கள் போல" என்றார். பழைய மதகை இடித்துப் புதிதாகக் கட்டியபோது இடம் மாறியிருக்கிறது. அவர் புதிய மதகிலிருந்து அளந்திருக்கிறார். வேண்டுமென்று செய்ததில்லை. அதுவும் உண்மை.

"எடுத்த இடத்திலயே போட்டு மூடு" என்றார்.

"அது அவாவின்ர பிள்ளை."

"படத்தைக் குடுத்தா எங்க எடுத்தது எண்டு கேப்பா. உண்மையைச் சொன்னா குசினியை இடிக்கவேணும். சொல்லாட்டிப் பொய். எதைச் செய்யப் போறாய்? சொல்லு பாப்பம்."

மூன்று நாள் அந்த ரின் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. மூன்று நாளும் சோற்றில் உப்பு இல்லை, கறியில் உப்பு இரண்டு தரம். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா வெண்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டாலே குசினிக்குள் போய்விடுவேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவோம் என்று காலையில் நினைப்பேன், அடுப்படியில் நின்றதும் முடியாது. நாலாம் நாள் எடுத்துக்கொண்டு போனேன்.

அக்கா கையைச் சட்டையில் துடைத்துவிட்டு ரின்னை வாங்கினார். உடனே திறப்பார் என்று நினைத்தேன். திறக்கவில்லை.

"எங்க கெடந்துச்சு?"

"உங்கட பக்கம்தான் அக்கா. அந்த மூலைக்குள்ள, பயத்தங்காய்ப் பந்தலுக்குக் கீழ. நாய் கிண்டிப் போட்டிருந்தது."

சொன்ன கையோடு எனக்கே தெரிந்தது. அந்த மூலையில் அவர் மூன்று தரம் குவியல் போட்டு மூன்று தரமும் கையால் கிளறியவர். அங்கே மண் கறுத்து மாப்போல இருக்கும். ரின்னின் அடியில் ஒட்டியிருந்தது எங்கள் வளவின் சிவந்த சரளை மண். அவர் பெருவிரலால் அந்த மண்ணைத் தேய்த்துப் பார்த்தார். மூலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாந்தான் சரியாத் தேடல்ல போல" என்றார்.

நான் திரும்பி நடந்தேன். குசினிக்குள் நின்றபோது அவர் குரல் கேட்டது. அழவில்லை. தாழ்ந்த குரலில், ஒரு தாய் பிள்ளையை ஏசுகிற மாதிரி, வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை.

தேடுவது முடிந்துவிட்டது, இனிக் குவியலும் இருக்காது என்று நினைத்தேன். அடுத்த நாள் ஆறரைக்கு வாளி நீண்டது. குழியை மூடிவிட்டோம் என்று சொல்லிக் குப்பையைக் கொடுத்தேன். ஏன் மூடினாய் என்று கேட்கவில்லை. புதுக் குவியல் வளவின் மற்றப் பக்கம் எழும்பியது, எங்கள் வேலியிலிருந்து எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரத்தில். அது எங்களுக்காகவா, வெயிலுக்காகவா? எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து நில அளவையாளர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது காலை பத்து மணி. என் மனுசன் கைகட்டி நின்றார். நான் சொல்லிவிடுவேனோ என்று அவர் என்னைப் பார்த்தார். அவர் சொல்லமாட்டாரா என்று நான் அவரைப் பார்த்தேன். அளவையாளர் கையில் வரைபடத்தோடு அக்காவைக் கேட்டார்.

"அம்மா, இதுதானோ உங்கட எல்லை? வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. கல்லுப் போட்டாப் பிறகு மாத்தேலாது."

அக்கா வேலி நீளத்துக்கு மெதுவாக நடந்தார். எங்கள் குசினிக்கு நேரே வந்ததும் நின்றார். கம்பிக்கு மேலால் குசினிச் சுவரைப் பார்த்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன், கடவுளே சொல்லக்கூடாது என்றும் நினைத்தேன். இரண்டும் உண்மை.

"இதான் சார்" என்றார். "ஆரம்பத்துல இருந்தே வேலி இங்கதான்."

கல்லை நட்டார்கள். பக்கத்துக் காணிக்காரரும் ஒப்பம் வைக்கவேண்டும் என்று கடதாசியை நீட்டினார்கள். பெமிட்டுக்கு மாமனார் தன் வாரிசாக என் பெயரைத்தான் எழுதியிருந்தார், அதனால் பேனா என் கைக்கு வந்தது. அக்கா ஏற்கெனவே வைத்துவிட்டார், அவருடைய கையெழுத்துக்குக் கீழே இடம் இருந்தது. நான் வைத்தேன். வைத்துவிட்டு நிமிர முடியவில்லை. கண் முட்டிவிட்டது. அளவையாளர், மனுசன், வீதியில் நின்ற நாலு சனம், எல்லாருக்கும் முன்னால் அழுதுவிடப் போகிறேன் என்று தெரிந்தது.

"புள்ள, அடுப்புல என்னமோ அடிபிடிக்குது" என்றார் அக்கா. "போ, போய்ப் பாரு."

குசினிக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். அன்றைக்கு நான் அடுப்பு மூட்டவே இல்லை.